தெருக்கலைஞர்களின் கைவேலை அச்சுகளைச் சேகரிப்பது எப்படி? தர்மபுரியிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

பள்ளி விடுமுறை நாள்களில் பாதியை நான் கழித்தது தர்மபுரி பென்னாகரம் சாலையை ஒட்டி என் தாய்மாமா நடத்திய ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில்தான். துணிக்கடைகளின் மஞ்சப்பை, கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ் எல்லாம் அங்கே அச்சாகும். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி, மையை இழுக்கும் ரப்பர் பட்டை, எப்போதும் ஒரு மண்ணெண்ணெய் வாடை. பிள்ளையாருக்குச் சிவப்பு அடித்து, உலர்த்தி, அடுத்து மஞ்சள் அடிக்கும்போது தாள் ஒரு நூல் நகர்ந்தால் போதும், அவருக்கு இரண்டு தும்பிக்கை முளைத்துவிடும். மாமா அந்த அட்டையை எடுத்து மேசைக்கு அடியில் உள்ள பெட்டியில் போடுவார். அதற்குப் பழுதுப் பெட்டி என்று பெயர்.

இருபது ஆண்டுகள் கழித்து, ஐம்பது பிரதிகள் அடித்தும் ஒன்றுகூட இன்னொன்றைப்போல் இல்லாத, தெருச்சுவரில் வரையும் ஒரு கலைஞரின் அச்சுக்கு என் மாதச் சம்பளத்தின் பெரும்பகுதியைக் கொடுத்தேன். வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ இருந்துகொண்டு இப்படிச் சேகரிக்க முடியுமா என்று சிலர் கேட்டார்கள். பக்கத்தில் கேலரி கிடையாது. நல்ல சட்டகம் போடுபவரைத் தேடிப் போக வேண்டும். ஆனாலும் முடியும். நான் செய்த தவறுகளையும் சேர்த்தே வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: எதை வாங்குகிறோம் என்று தெரிந்துகொள்வது

சுவரில் வரைந்ததை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. அதனால் தெருக்கலைஞர்கள் தாளுக்கு வந்தார்கள் என்று சொல்வதுண்டு. அது பாதி உண்மை. அவர்கள் சுவரில் வேலை செய்தபோதே பிரதியெடுக்கும் கருவிகளைத்தான் கையில் வைத்திருந்தார்கள். பாரிஸில் பிளெக் லெ ரா 1981இல் எலி உருவங்களைச் சுவரில் அடிக்கத் தொடங்கியது ஸ்டென்சில் வைத்து. அமெரிக்காவில் ஷெப்பர்டு ஃபேரி 1989இல் மல்யுத்த வீரர் ஆந்த்ரேயின் முகத்தை ஊரெங்கும் ஒட்டியது ஸ்டிக்கராக. பிரிட்டனின் பேங்க்ஸி பெயர் வாங்கியதும் ஸ்டென்சிலால்தான். ஒரு முகத்தை அட்டையில் வெட்டிச் சுவரில் வைத்து அடிப்பவருக்கு, அதையே வலைத்துணி வழியாகத் தாளில் அடிப்பது பெரிய தாவல் இல்லை. தேர்தல் காலத்தில் தகரத்தில் சின்னத்தை வெட்டி வைத்துக்கொண்டு சுவர் சுவராகப் போகிறவர்களை நம் ஊரில் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும்.

சந்தையில் மூன்று வகைச் சரக்கு இருக்கிறது. முதலாவது சாதாரண போஸ்டர். எத்தனை வேண்டுமானாலும் அடிப்பார்கள், எண் கிடையாது. இரண்டாவது எண்ணிட்ட பதிப்பு. இத்தனைதான் என்று அறிவித்து, கலைஞர் பென்சிலால் கையெழுத்திட்டு எண் போட்டிருப்பார். மூன்றாவதுதான் நம் விஷயம்: எண்ணிட்ட பதிப்பின் ஒவ்வொரு தாளிலும் அச்சு முடிந்த பிறகு கலைஞர் தன் கையால் ஏதாவது செய்திருப்பார். ஸ்பிரே வண்ணம், அக்ரிலிக் தீற்றல், இன்னொரு ஸ்டென்சில், கிழித்து ஒட்டிய செய்தித்தாள், தங்க இலை (மிக மெல்லிய தங்கத் தகடு), கண்ணாடித் தூள் என எதுவாகவும் இருக்கலாம். வைரத்தூள் என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் மயங்க வேண்டாம். பெரும்பாலும் அது பொடித்த கண்ணாடிதான்.

அடியில் இருக்கும் அச்சு எந்த முறையில் ஆனது என்பதையும் கேட்க வேண்டும். தெருக்கலையில் அதிகம் காணப்படுவது ஸ்கிரீன் பிரிண்ட். லினோலியத்தில் செதுக்கி எடுக்கும் லினோகட், செப்புத்தகட்டை அமிலத்தில் அரித்து எடுக்கும் எட்சிங், கல்லச்சு ஆகியவையும் உண்டு. ‘ஜிக்லே’ என்ற அழகான பிரெஞ்சுப் பெயரில் வருவது உயர்தர இங்க்ஜெட் அச்சு. அது மட்டம் என்று சொல்லமாட்டேன். நல்ல நிறமி மையில், பருத்தித் தாளில் அடித்தால் நெடுங்காலம் நிற்கும். ஆனால் ஸ்கிரீன் பிரிண்ட் விலைக்கு அதை வாங்காதீர்கள்.

இரண்டாம் படி: தாளின் அடியில் இருக்கும் பின்னத்தைப் படிப்பது

இடது மூலையில் 37/50 என்று இருந்தால், ஐம்பதில் முப்பத்தேழாவது என்று பொருள். முதல் எண் வேண்டும் என்று அடித்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். செப்புத்தகட்டில் எடுக்கும் அச்சுக்கு அதில் நியாயம் உண்டு. அழுத்த அழுத்தத் தகடு தேயும், முதலில் வந்தவை கூர்மையாக இருக்கும். ஸ்கிரீன் பிரிண்டில் அப்படி இல்லை. மேலும் அச்சான வரிசையிலேயே எண் போடுகிறார்கள் என்பதற்கும் உறுதி கிடையாது. காயப்போட்ட தாள்களை எடுக்கும்போது எது மேலே இருக்கிறதோ அதற்கு ஒன்று.

பின்னத்துக்குப் பதிலாக எழுத்துகள் இருக்கலாம். ஏ.பி. என்றால் கலைஞர் தனக்கென வைத்துக்கொண்ட பிரதி. வழக்கமாகப் பதிப்பில் பத்தில் ஒரு பங்கு. பி.பி. என்றால் அச்சடித்தவருக்கு. எச்.சி. என்றால் விற்பனைக்கு அல்லாதது, ஆனாலும் எப்படியோ விற்பனைக்கு வந்திருக்கும். ஈ.வி. என்றால் பிரதிக்குப் பிரதி வேறுபடும் பதிப்பு. கைவண்ணம் தீட்டிய பிரதிகளை எச்.பி.எம். என்று சுருக்கி எழுதுவார்கள். 1/1 என்றால் அது ஒன்றே ஒன்று.

இங்கே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: எல்லாம் சேர்த்து மொத்தம் எத்தனை? ஐம்பது என்று அறிவித்துவிட்டு, நீல வண்ணத்தில் இன்னோர் ஐம்பது, கையெழுத்தில்லாமல் முன்னூறு, கலைஞர் பிரதியாகப் பத்து என்று அதே படம் பல உருவில் உலவலாம். இது ஏமாற்று வேலை அல்ல, மறைத்தால்தான் ஏமாற்று. பேங்க்ஸியின் பலூன் சிறுமி 2004இல் வந்தபோது கையெழுத்திட்டவை 150, கையெழுத்தில்லாதவை 600, இவை போக வேறு வண்ணங்களில் 88 கலைஞர் பிரதிகள். எல்லாம் வெளிப்படையாகத் தெரிந்த கணக்கு. அந்தக் கணக்கு தெரிந்ததால்தான் எந்தப் பிரிவுக்கு என்ன விலை என்று சந்தை பேச முடிகிறது. விற்பவரிடம் இந்தக் கணக்கை எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தியும் எழுத்துதான்.

மூன்றாம் படி: எங்கே வாங்குவது

என் விருப்ப வரிசை இதுதான்: கலைஞரிடம் நேரடியாக, அவர் அச்சகத்திடம், அவரை வழக்கமாகக் காட்சிப்படுத்தும் கேலரியிடம், பழைய பிரதி விற்கும் இன்னொரு சேகரிப்பாளரிடம், கடைசியாக ஏலம். கீழே போகப்போக விலையும் ஆபத்தும் ஏறும்.

வெளிநாட்டுக் கலைஞர்கள் பலர் குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில் தங்கள் தளத்தில் விற்பனையைத் திறப்பார்கள். சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். லண்டன் நேரம் மாலை 5 மணி என்றால் குளிர்காலத்தில் நமக்கு இரவு 10.30, கோடையில் 9.30. லாஸ் ஏஞ்சலஸில் காலை 10 மணி என்றால் குளிர்காலத்தில் நமக்கு இரவு 11.30, கோடையில் 10.30. அவர்கள் கடிகாரத்தை மாற்றும் மார்ச், அக்டோபர், நவம்பர் வாரங்களில் நான் ஒருமுறை ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்க் காலிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு வங்கிக் கார்டில் முன்கூட்டியே அனுமதி வாங்கிவையுங்கள். ஓ.டி.பி. வந்து சேர்வதற்குள் தாள் தீர்ந்துபோவது தனி வேதனை.

ஃபேரி போன்றவர்கள் ஏறக்குறைய 18க்கு 24 அங்குல அளவில் சில நூறு பிரதிகள் அடித்துக் குறைந்த விலையில் விற்பார்கள். கைவேலை சேர்ந்த பிரதிகள் மிகச் சிலவே வரும், விலை பல மடங்கு. தொடங்குபவர் முதலில் ஒரு சாதாரண எண்ணிட்ட பிரதியை வாங்கிக் கையில் வைத்துப் பார்ப்பது நல்லது. கைவேலை இல்லாத தாள் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் கைவேலை தெரியும்.

இந்தியாவுக்குள் பார்ப்போம். ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை 2014இல் தொடங்கியபிறகு டெல்லி லோதி காலனி, சென்னை கண்ணகி நகர், கோவை உக்கடம் என்று பெரிய சுவரோவியங்கள் வந்தன. அங்கே வரைந்தவர்களில் தாளிலும் வேலை செய்பவர்கள் உண்டு. இன்ஸ்டாகிராமில் நேரடியாக எழுதிக் கேட்கலாம். மரியாதையாக, என்ன பிடித்தது என்று இரண்டு வரி சேர்த்து எழுதினால் பதில் வருகிறது. வாங்கும் முன் சுவரைப் போய்ப் பார்த்துவிடுவது என் வழக்கம். உக்கடம் நமக்குச் சேலம் வழியாக ஒரு நாள் பயணம். ஐந்து மாடி உயரத்துக்கு அந்தக் கை எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட்டுத் தாளுக்கு வந்தால், தாளில் அதே கை இருக்கிறதா, உதவியாளர் கையா என்று ஓரளவு ஊகிக்க முடியும்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்குப் பெங்களூரு பக்கம் என்பது ஒரு பெரிய வசதி. ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர்தான். சித்ரகலா பரிஷத் ஆண்டுதோறும் ஜனவரியில் நடத்தும் சித்திரச் சந்தையில் குமாரக்ருபா சாலை முழுக்கக் கலைஞர்கள் உட்கார்ந்திருப்பார்கள். எல்லாம் தெருக்கலை அல்ல, தரமும் ஏற்ற இறக்கம்தான். ஆனால் அச்சுக்கலை படித்த இளைஞர்கள் தங்கள் தாள்களோடு வருவார்கள். தொட்டுப் பார்த்து, கேள்வி கேட்டு, கண்ணைப் பழக்க அதைவிட மலிவான பள்ளிக்கூடம் இல்லை. சென்னைக்குப் போனால் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியில் அச்சுக் கண்காட்சி ஏதாவது நடக்கிறதா என்று விசாரியுங்கள்.

தெருவோரக் கடையை அலட்சியப்படுத்தாதீர்கள் என்பதற்கு ஒரு கதை உண்டு. 2013 அக்டோபரில் நியூயார்க் சென்ட்ரல் பூங்கா ஓரத்தில் ஒரு முதியவரை உட்காரவைத்து, பேங்க்ஸி தன் கையெழுத்திட்ட அசல் கேன்வாஸ்களை 60 டாலருக்கு விற்கவைத்தார். யாருக்கும் தெரியாது. அன்றைய மொத்த வசூல் 420 டாலர். ஒரு அம்மா பேரம் பேசிப் பாதி விலைக்கு வாங்கினார் என்பதைப் படித்தபோது நம் ஊர் நினைவு வந்தது.

நான்காம் படி: கைவேலையைக் கண்ணால் உறுதிசெய்வது

எல்லாப் படிகளையும் விட இதற்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும். கூடுதல் பணம் போவது கைவேலைக்கு. அது உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்காமல் சான்றிதழை மட்டும் பார்ப்பவர்கள்தான் அதிகம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் இணையம் வழியாக ஓர் அச்சு வாங்கினேன். கறுப்பு வெள்ளை முகம், மேலே தங்க நிறத்தில் தெறிப்புகள். ‘ஒவ்வொன்றும் கையால் முடிக்கப்பட்டது’ என்று எழுதியிருந்தார்கள். கூடத்தில் மாட்டி மூன்று மாதம் பெருமையாக இருந்தேன். பிறகு அதே பதிப்பின் இன்னோர் எண்ணை வாங்கிய ஒருவர் தன் படத்தை அனுப்பினார். அவருடைய தாளிலும் அதே தெறிப்பு, அதே இடத்தில், இடது கண்ணுக்குக் கீழே அதே வால் நீண்ட துளி. தங்க மையையும் ஸ்கிரீன் வழியாகவே அடித்திருந்தார்கள். விற்றவரிடம் கேட்டேன். “மூலத்தைக் கலைஞர் தன் கையால்தான் தெறித்தார், அதைத்தான் அச்சிட்டோம்” என்று பதில் வந்தது. அந்தப் பதிலின் அழகுக்காகவே பணத்தை மறந்துவிட்டேன் என்று சொல்ல ஆசை, மறக்கவில்லை.

அன்றிலிருந்து என் முதல் சோதனை ஒன்றே. அதே பதிப்பின் குறைந்தது மூன்று எண்களின் படங்களைக் கேட்பேன். ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பேன். அடிப்பகுதி அச்சு மூன்றிலும் ஒத்துப்போக வேண்டும். கைவேலை மூன்றிலும் மாற வேண்டும். மாமாவின் கடையில் ஒன்றுபோல் இல்லாததுதான் பழுது. இங்கே ஒன்றுபோல் இருந்தால்தான் பழுது. ஒரு மனிதனின் கை ஒரே துளியை இரண்டு முறை ஒரே வடிவத்தில் விழவைக்காது. ஸ்டென்சில் வைத்து அடித்தால்கூட ஓரத்தில் வண்ணம் கசியும் விதம் மாறும், அழுத்தம் மாறும், அட்டை அரை நூல் தள்ளி உட்காரும்.

தாள் கைக்கு வந்ததும் அடுத்த சோதனைகள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்ப்பதே போதும். ஆஃப்செட் அச்சில் நீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் பூப்போல வட்டமிட்டு நிற்கும்; சிவகாசிக் காலண்டரை எடுத்து வைத்துப் பார்த்தால் உடனே புரியும். இங்க்ஜெட்டில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் நுண்மணலாகச் சிதறிக் கிடக்கும். இதுதான் தொடக்கக்காரரைக் குழப்பும், ஏனென்றால் அது ஸ்பிரே வண்ணத் தூவலைப்போலவே தோன்றும். வித்தியாசம் நிறத்தில் இருக்கிறது. உண்மையான சிவப்பு ஸ்பிரேயின் துளிகள் எல்லாம் சிவப்பு. சில பெரிது, சில தூசு, அடியில் உள்ள மைக்கு மேலே ஏறி உட்கார்ந்திருக்கும். அச்சடித்த ‘ஸ்பிரே’யில் அந்தச் சிவப்பே பல நிறப் புள்ளிகளால் ஆகியிருக்கும். ஸ்கிரீன் பிரிண்டிலும் புள்ளிகள் வரலாம். கலைஞர் வேண்டுமென்றே வைத்த புள்ளிகளாக இருந்தால் அவை ஒரே நிறத்தில், தடித்த மையில் இருக்கும்.

அடுத்து, அறை விளக்கை அணைத்துவிட்டுக் கைபேசி விளக்கைத் தாளுக்குப் பக்கவாட்டில், தரையோடு தரையாகப் பிடியுங்கள். ஸ்கிரீன் பிரிண்ட் மைக்கு ஒரு மெல்லிய விளிம்பு தெரியும். அக்ரிலிக் தீற்றலில் தூரிகை மயிரின் கோடுகள் நிழல் விழும். ஸ்பிரே பட்ட இடம் ஓரிடத்தில் பளபளப்பாகவும் ஓரிடத்தில் மங்கலாகவும் இருக்கும். தங்க இலை என்றால் அதன் ஓரம் எங்காவது கிழிந்திருக்கும், மடிந்திருக்கும். எல்லாம் ஒரே மட்டமாக இருந்தால் சந்தேகப்படலாம்.

கையெழுத்தையும் அதே விளக்கில் பாருங்கள். பென்சில் தாளில் சிறு பள்ளம் விடும், சாய்த்தால் ஈயம்போல் மினுங்கும். அச்சடித்த கையெழுத்துக்கு இரண்டும் இல்லை. தாளின் மூலையில் மை இல்லாமல் அழுத்திய அச்சக முத்திரை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கடைகளில் கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கும் உதவும். நல்ல பருத்தித் தாள் பெரும்பாலும் மங்கலாகவே கிடக்கும், மலிவுத் தாள் நீலமாக ஒளிரும். இது ஒரு குறிப்புதான், தீர்ப்பு அல்ல, ஏனென்றால் சில நல்ல தாள்களிலும் வெளுப்பூட்டி சேர்க்கிறார்கள்.

ஐந்தாம் படி: சான்றும் வரலாறும்

உண்மைச் சான்றிதழை யார் கொடுத்தார் என்பதே கேள்வி. கலைஞரோ அவர் நியமித்த அமைப்போ கொடுத்தால்தான் மதிப்பு. விற்பவரே தன் கடைத்தாளில் அச்சடித்துத் தரும் தங்கநிற முத்திரைக்கு, அது ஒட்டியிருக்கும் பசையின் விலைகூடக் கிடையாது. பேங்க்ஸிக்கு 2008 முதல் பெஸ்ட் கன்ட்ரோல் என்ற அமைப்பு இதற்கென்றே இருக்கிறது. அவர்களுடைய சான்றிதழில், இளவரசி டயானாவின் முகம் போட்டு பேங்க்ஸி அடித்த போலிப் பத்து பவுண்டு நோட்டின் கிழித்த பாதி இணைத்திருக்கும், மறுபாதி அமைப்பிடம். இரண்டையும் சேர்த்துக் கிழிசல் பொருந்துகிறதா என்று பார்த்தே உறுதிசெய்வார்கள். கள்ளநோட்டை வைத்து அசலை நிரூபிப்பது அவருடைய குசும்பு. சுவரிலிருந்து பெயர்த்தெடுத்த துண்டுகளுக்கு அந்த அமைப்பு சான்று தருவதில்லை. எனவே ‘சுவரோடு வெட்டி எடுத்த அசல்’ என்று யாராவது பேசினால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பெயர் பெறாத கலைஞரிடம் வாங்கும்போது சான்றிதழ் கிடைக்காமல் போகலாம். கவலை வேண்டாம். ரசீது, உரையாடல், பணம் செலுத்திய பதிவு, பார்சல் மேலட்டை, முடிந்தால் கலைஞர் அந்தத் தாளில் வேலை செய்யும் ஒரு படம், இவை எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுவையுங்கள்.

ஆறாம் படி: கொண்டுவருவது

சாதாரண அச்சை உருளையில் சுருட்டி அனுப்புவார்கள். கைவேலை தடிமனாக இருந்தால் சுருட்டக் கூடாது. அக்ரிலிக் வெடிக்கும், தங்க இலை உதிரும். இரண்டு தடித்த அட்டைகளுக்கு நடுவே தட்டையாக அனுப்பச் சொல்லுங்கள். செலவு கூடும், தயங்காமல் கொடுங்கள். உருளையில் வந்தே ஆக வேண்டுமென்றால் வண்ணப்பக்கம் வெளியே இருக்கும்படி, அகன்ற குழாயில் சுருட்டச் சொல்லலாம். வந்ததும் அவசரப்பட்டு எதிர்ப்பக்கம் சுருட்டாதீர்கள். சுத்தமான மேசையில் விரித்து, ஓரங்களில் மட்டும் துணி சுற்றிய பாரம் வைத்து இரண்டு நாள் விடுங்கள்.

சுங்கம் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் உண்டு. அசல் அச்சுக்கலைப் படைப்புகளுக்குச் சுங்கப் பட்டியலில் 9702 என்ற தலைப்பு. ஆனால் அந்தத் தலைப்புக்குள் வர, அச்சுத்தகடு முழுவதையும் கலைஞர் கையால் செய்திருக்க வேண்டும். இயந்திர முறையும் புகைப்பட முறையும் சேராது என்று விதியே சொல்கிறது. இன்றைய ஸ்கிரீன் பிரிண்டில் பெரும்பாலும் ஸ்கிரீனைப் புகைப்பட முறையில்தான் தயாரிக்கிறார்கள். அதனால் சுங்க அதிகாரிகள் அதை 4911 என்ற அச்சிட்ட படங்கள் தலைப்பில் சேர்த்துவிடக்கூடும். 9702க்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. மற்ற தலைப்புக்கு வரி வேறு. எந்த முறையில் அச்சானது, கைவேலை என்ன என்று விற்பவரைப் பட்டியலில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். ‘போஸ்டர், விலை 10 டாலர்’ என்று குறைத்துப் போடச் சொல்லாதீர்கள். பார்சல் வழியில் நசுங்கினால் காப்பீடும் அந்தப் பத்து டாலருக்குத்தான் வரும்.

ஏழாம் படி: சட்டகமும் பாதுகாப்பும்

என் இரண்டாவது பெரிய தவறு இங்கேதான். முதல் அச்சைச் சட்டகம் போட ஒரு கடையில் கொடுத்தேன். சாமி படத்துக்குச் செய்வதையே செய்தார்கள்: பின்னால் முழுக்கப் பசை தடவி ஹார்டுபோர்டில் ஒட்டி, ஓரத்தில் பழுப்பு டேப், மேலே கண்ணாடியை அழுத்தி ஆணி. இரண்டாவது மழைக்காலத்தில் தாளின் மேல் தேநீர்க் கறைபோலப் புள்ளிகள் வந்தன. கண்ணாடி வண்ணத்தின்மேல் ஒட்டிக்கொண்டுவிட்டது. கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன், நான்தான் எதுவும் சொல்லாமல் கொடுத்தேன்.

சொல்ல வேண்டியவை இவை. தாளுக்குப் பின்னாலும் சுற்றியும் அமிலமில்லாத மவுண்ட் போர்டு (படத்தைத் தாங்கும் தடித்த அட்டை). ஹார்டுபோர்டு, பிளைவுட் எதுவும் தாளைத் தொடக் கூடாது. தாளை மேல் விளிம்பில் இரண்டு இடங்களில் மட்டும், ஜப்பானியத் தாள் துண்டால் தொங்கவிட வேண்டும். பசையாகக் கோதுமை மாவுச்சத்துப் பசை. இது தண்ணீர் பட்டால் கழன்றுவிடும், பிற்காலத்தில் தாளைக் காயமில்லாமல் எடுக்கலாம். நம் ஊர் சுவரொட்டிக்காரர்களும் மைதா காய்ச்சித்தான் ஒட்டுகிறார்கள். ஆனால் பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் கலப்பார்கள். அதிலுள்ள செம்பு தாளைச் சிதைக்கும். எனவே சுவரொட்டிப் பசை வேண்டாம். செலோ டேப் வேண்டவே வேண்டாம்.

கண்ணாடிக்கும் வண்ணத்துக்கும் இடையில் இடைவெளி வேண்டும். கைவேலை தடிமனாக இருந்தால் சட்டகத்துக்குள் சிறு கட்டை வைத்து அரை அங்குலம்கூட விடலாம். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியோ அக்ரிலிக்கோ பெங்களூரில் கிடைக்கும். அது கிடைத்தாலும் மேற்குச் சுவரில் மாட்டாதீர்கள். சித்திரை வெயிலில் நம் வீட்டு மேற்குச் சுவர் இரவு பத்து மணிக்கும் சுடும். வெளிச்சுவரில் மழைநீர் இறங்கும் பக்கமும் வேண்டாம். உள்சுவர், நேர் வெயில் படாத இடம், பின்பக்கம் நான்கு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டிக் காற்றுப் போக வழி. இவ்வளவு போதும்.

மாட்டாத தாள்களைச் சுருட்டிவைக்காதீர்கள். அமிலமில்லாத கோப்புறையில் தட்டையாக, பீரோவின் நடுத் தட்டில் வையுங்கள். கீழ்த்தட்டுக்குக் கரையான் வரும்; மேல்தட்டில் சூடு. ராமபாணப் பூச்சிக்கு மாவுப்பசையும் பருத்தித் தாளும் விருந்து. வேப்பிலையைப் புடவைக்கு நடுவே வைப்பதுபோல் அச்சுக்கு நடுவே வைத்தால் கறை பிடிக்கும். அந்துருண்டையும் வேண்டாம். புரட்டாசி, ஐப்பசி மழை முடிந்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து நிழலில் பார்த்துவிடுவதுதான் சிறந்த மருந்து. புதிதாக ஸ்பிரே அடித்த தாள் வந்தால் சில வாரங்கள் திறந்தே வைத்து வாடை போகவிட்டு, பிறகு மூடுங்கள்.

எட்டாம் படி: விற்பதும் சட்டமும்

வாங்கிய மறுநாளே இரட்டை விலைக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது, ஆனால் தடை எதுவும் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று. அச்சை வாங்கினால் தாள்தான் உங்களுடையது. படத்தின் காப்புரிமை கலைஞரிடமே இருக்கும். எனவே அதை டீ-ஷர்ட்டில் அடிக்க நீங்கள் அனுமதி கொடுக்க முடியாது. இரண்டாவது, இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவு, ஓவியம், சிற்பம், வரைபடம் ஆகியவற்றின் மூலப் பிரதி 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும்போது கலைஞருக்கும் ஒரு பங்கு உண்டு என்கிறது. அது பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மூன்றாவது, கலைப்பொருளை வீட்டுச் சாமானாகக் கணக்கில் காட்டி மூலதன ஆதாய வரியிலிருந்து தப்ப முடியாது. 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால் நீண்டகால ஆதாயம். அதனால்தான் ரசீதைப் பத்திரப்படுத்தச் சொன்னேன்.

ஒரு நோட்டுப் புத்தகமும் வைத்துக்கொள்ளுங்கள். கலைஞர், ஆண்டு, எண், மொத்தப் பதிப்பு, அச்சு முறை, கைவேலையின் விவரம், தாளின் அளவு, வாங்கிய நாள், விலை, எங்கே சிறு மடிப்பு, எங்கே விரல் தடம். வந்த அன்றே முன்னும் பின்னும் படம் எடுத்துவிடுங்கள். கறை பிறகு வந்தால், எப்போது வந்தது என்று தெரியும்.

என் 37/50 இப்போது வீட்டுக் கூடத்தின் உள்சுவரில் இருக்கிறது. போன தைப் பொங்கலுக்கு மாமா வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “மாப்பிள்ளை, இந்த ஊதா தள்ளியிருக்கிறதே” என்றார். வேண்டுமென்றே செய்தது மாமா, கையால் அடித்தது, ஒவ்வொன்றிலும் வேறுவேறு மாதிரி தள்ளியிருக்கும் என்றேன். அவர் நம்பவில்லை. மற்ற எண்களின் படங்களைக் கைபேசியில் காட்டச் சொல்லி, திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்க்கத் தொடங்கினார்.